நீர் தந்த படைவீரர்

எங்கள் ஊர் வண்டன்மேடு. இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஏலத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. அங்கிருந்து கம்பம்மெட்டுக்குப் போய் மலை விளிம்பில் நின்றால், கீழே நெல்லும் தென்னையும் திராட்சையுமாகக் கம்பம் பள்ளத்தாக்கு தெரியும். நாள்தோறும் காலையில் அப்பள்ளத்தாக்கிலிருந்து பெண்கள் ஜீப்புகளில் மலையேறி வந்து காய் பறித்துவிட்டு மாலையில் இறங்கிப் போவார்கள். என் அம்மாச்சியின் வீடும் அங்கேதான் இருக்கிறது.

அம்மாச்சி வீட்டுச் சுவரில் மூன்று படங்கள் உண்டு. ஒன்று முருகன். ஒன்று என் தாத்தா. மற்றொன்று மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர். பொங்கலன்று மூன்று படங்களுக்கும் மாலை சாத்திக் கற்பூரம் காட்டுவார்கள். சிறு வயதில் அந்த வெள்ளைக்காரரும் எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் என்றே நான் நம்பியிருந்தேன். அவர் பெயர் கர்னல் ஜான் பென்னிகுயிக் என்றும், அவர் ஒரு படைவீரர் என்றும் எனக்குச் சொன்னவர் என் சின்னம்மாவின் கணவர்.

சித்தப்பாவும் படைவீரர்தாம். பதினேழு ஆண்டுகள் வடக்கே எல்லைப்புறத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பிய நாள் முதல் அவருக்கு மிலிட்டரிக்காரர் என்பதே பெயராகிவிட்டது. சுதந்திர நாளன்று கொடியேற்ற அழைப்பார்கள். மற்ற நாள்களில் காண்டீன் சரக்கு கிடைக்குமா என்று கேட்பார்கள். வேலை தேடிப் போனால் எல்லாரும் காவல்காரர் வேலை ஒன்றையே காட்டினார்கள். ஒரு பொங்கலன்று அவர் அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, எத்தனையோ படைவீரர்கள் வந்து போன நாட்டில் இந்த ஒருவரை மட்டும் ஊரார் இத்தனை தலைமுறையாக நினைத்துக்கொண்டிருப்பது எதனால் என்று கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் படித்துத் தெரிந்துகொண்டதை மன்ற நண்பர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

பென்னிகுயிக் 1841 ஜனவரி 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுயிக் என்பதே. அவர் ஆங்கிலப் படையில் பெரிய அதிகாரி. 1849 ஜனவரி 13ஆம் நாள், சீக்கியரோடு நடந்த இரண்டாம் போரில், பஞ்சாபின் சிலியன்வாலா என்னுமிடத்தில் தந்தை வீழ்ந்தார். அதே களத்தில், பதினேழே வயதான மகன் அலெக்சாண்டரும் மாண்டான். தந்தையின் உடலைக் காத்து நின்றபோது அவன் கொல்லப்பட்டான் என்பர். தம்பி ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

சிலியன்வாலாச் செய்தி இலண்டனை எட்டியபோது பெருங்கூச்சல் எழுந்தது. படைத் தலைவர் கஃப் பிரபுவை மாற்றிவிட்டு வேறொருவரை அனுப்பும்படி மக்களும் செய்தித்தாள்களும் நெருக்கினர். அன்று மாண்ட 24ஆம் ரெஜிமெண்டு வீரர்களுக்காக, 1853இல் இலண்டன் செல்சியில் ஒரு கல்தூண் நாட்டப்பட்டது. அஃது இன்றும் நிற்கிறது.

இறந்த வீரனுக்குத் தூண் நாட்டிய அந்நாடு உயிரோடிருந்த வீரனை எவ்வாறு நடத்தியது? சீருடை அணிந்த சாதாரணச் சிப்பாயை மதுக்கடைகளும் நாடக அரங்குகளும் வாசலிலேயே தடுத்து நிறுத்திய காலம் அது. போலீசு என்று ஒன்று பரவலாக அமையும் முன்னர், கூட்டத்தைக் கலைக்கப் படையையே ஏவினார்கள். 1819இல் மான்செஸ்டரில் உரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப் படை பாய்ந்ததை அந்நாட்டுத் தொழிலாளர் மறக்கவில்லை. வறுமைக்கு ஆற்றாதவனும் குற்றம் செய்து தப்ப நினைத்தவனுமே படையில் சேர்வான் என்பது பொதுவான எண்ணம். மகன் பட்டாளத்துக்குப் போனால் தாய் வெட்கப்பட்டாள். கிரிமியப் போர்க் காலத்தில், 1854 முதல், வீரர்கள் குளிரிலும் நோயிலும் மடிவதைச் செய்தித்தாள்கள் எழுதிய பின்னரே மக்கள் மனம் சற்று இளகிற்று. 1856இல் ஏற்படுத்தப்பட்ட விக்டோரியாச் சிலுவை, பதவி பாராமல் எல்லா வீரர்க்கும் உரியதாயிற்று. ஆயினும் பழைய இகழ்ச்சி முற்றும் போகவில்லை. சமாதான காலத்தில் சிப்பாயை விரட்டிவிட்டுப் போர் வந்தால் மட்டும் புகழும் போக்கைக் கண்டித்து, 1890இல் கூடக் கிப்ளிங் ஒரு பாட்டு எழுத வேண்டியிருந்தது.

அதிகாரிகளின் நிலை வேறு. காலாட்படையிலும் குதிரைப் படையிலும் அதிகாரப் பதவியைச் செல்வர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். 1871 வரை இது முறையான வழக்கமாகவே இருந்தது. பொறியியற் படையிலும் பீரங்கிப் படையிலும் மட்டும் பதவியை விலைக்கு வாங்க முடியாது. படித்துத் தேற வேண்டும். தந்தையை இழந்த ஜான் இந்த வழியில்தான் சென்றார். செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும், பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் படைக் கல்லூரியிலும் பயின்றார். 1858இல் சென்னைப் பொறியியற் படையில் அதிகாரியாகி, 1860இல் இந்தியா வந்தார். போரையும் அவர் காணாமலில்லை. 1867-68இல் அபிசீனியப் படையெடுப்பில் பணியாற்றிப் பதக்கம் பெற்றார். ஆனால் அந்தப் பதக்கத்திற்காக அவரை நம் பக்கத்தில் எவரும் நினைப்பதில்லை.

அவர் பெயரை நிலைநிறுத்தியது ஓர் ஆறு. சிவகிரி மலைப்பகுதியில் தோன்றும் பெரியாறு மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. மலைக்குக் கிழக்கே மதுரைச் சீமையில் வைகை வறண்டு கிடந்தது. மேற்கே போகும் நீரைக் கிழக்கே திருப்பலாமா என்று 1789ஆம் ஆண்டிலேயே எண்ணிப் பார்த்தவர் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. ஆள்களை அனுப்பி மலையை ஆராயவும் செய்தார். பொருள் இல்லாமையால் நின்றது. 1808இல் கேப்டன் கால்டுவெல் இதனை நடவாத காரியம் என்று தள்ளினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பெரும் பஞ்சத்துக்குப் பின்னரே அரசாங்கம் மீண்டும் கண் திறந்தது. 1882இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. எண்ணாயிரம் ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை, 999 ஆண்டு காலம் என்பது ஏற்பாடு.

1887இல் வேலை தொடங்கியது. அடர்ந்த காடு, யானை, அட்டை, மலைக்காய்ச்சல் இவற்றுக்கிடையே ஆற்றின் நடுவில் அடித்தளம் போட வேண்டும். நீரைத் தடுக்க எழுப்பிய கரைகளை வெள்ளம் வந்து வந்து அடித்துச் சென்றது. ஒவ்வொரு முறையும் மறுபடி தொடங்கினார்கள். சிமெண்டு இல்லை, கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியுமே கொண்டு, அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் 1,200 அடி நீளமுமாக அணை எழுந்தது. ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பினார்கள். 1895 அக்டோபரில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். அந்த நீர்தான் இன்றும் தேக்கடியிலிருந்து மலை இறங்கி வைகையை நிறைத்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் போகிறது.

இந்த அணையைப் பென்னிகுயிக் தனியே கட்டவில்லை. வேலையில் சென்னைப் பயனியர் படையின் இரண்டு பட்டாளங்கள் ஈடுபட்டிருந்தன. பயனியர் என்போர் கையில் துப்பாக்கியும் முதுகில் மண்வெட்டியும் சுமந்த நம் தென்னாட்டுச் சிப்பாய்கள். அவர்களைப் பற்றி அக்காலத்து ஆங்கிலத் தளபதிகள் கொண்டிருந்த எண்ணத்தையும் சொல்ல வேண்டும். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஏற்ற இனத்தார் அல்லர் என்று முடிவு கட்டினார். அக்கருத்து ஓங்கவே, பின்னாளில் சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. பயனியர் படையும் 1933இல் கலைக்கப்பட்டது. வீரமில்லாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள்தாம் காட்டு வெள்ளத்தின் நடுவே நின்று கல் சுமந்தார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் மடிந்த வேலையாள்கள் நூற்றுக்கணக்கானோர். அணைக்கு அருகிலேயே அவர்களைப் புதைத்த இடுகாடு உண்டு.

அணை முடிந்தபின் பென்னிகுயிக்குக்கு அரசு சி. எஸ். ஐ. பட்டம் அளித்தது. 1896இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். இந்தியாவுக்குப் பொறியாளர்களைப் பயிற்றிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவரானார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்லும்படி அவரை அழைத்தார்கள். 1911 மார்ச் 9ஆம் நாள் காம்பர்லி என்னும் சிற்றூரில் காலமானார். பிரிம்லி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பொறியாளர் சிலர் அறிந்திருந்தனர். மற்றபடி அவருடைய நாடு அவரை மறந்துவிட்டது. களத்தில் வீழ்ந்த தந்தைக்கும் தமையனுக்கும் தலைநகரில் தூண் உண்டு. அணை கட்டிய இளைய மகனுக்கு அங்கே ஒன்றும் எழவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கோ மறக்கவில்லை. அவர் பிறந்த நாள் பொங்கலை ஒட்டி வருவதால் உழவர்கள் அவருக்கும் பொங்கலிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2022இல் தமிழ்நாட்டு அரசின் முயற்சியால் காம்பர்லியிலேயே அவருக்குச் சிலை எழுந்தது. அவருடைய ஊராருக்கு அவரை நினைவூட்டத் தமிழர் போக வேண்டியிருந்தது!

அரசு பணம் தர மறுத்தபோது இங்கிலாந்திலிருந்த சொத்தையெல்லாம் விற்று அவர் அணையைக் கட்டி முடித்தார் என்று அம்மாச்சி சொல்வார். ஊரெல்லாம் சொல்லும் கதை இது. அக்காலத்து ஆவணங்களில் இதற்குச் சான்று இல்லை என்றும், அரசாங்கப் பணத்திலேயே அணை முடிந்தது என்றும் ஆராய்ந்தோர் கூறுகின்றனர். இதைச் சொன்னால் அம்மாச்சி வருந்துவார் என்று நான் அஞ்சினேன். சொன்னபோது, அவர் பணத்தைக் கொடுத்தாரோ இல்லையோ தண்ணீரைக் கொடுத்தார் என்று கூறிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வண்டன்மேட்டுக்காரன் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அணை நிற்பது கேரள மண்ணில். நீர் போவது தமிழகத்துக்கு. நூற்றாண்டு கடந்த அணை உடைந்துவிட்டால் என்னாகும் என்ற அச்சம் பெரியாற்றங்கரை மலையாள மக்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. 999 ஆண்டு ஒப்பந்தம் ஆங்கிலேயரின் வலிமையால் வந்தது என்ற மனக்குறையும் அவர்களுக்கு உண்டு. 2011 டிசம்பரில் இச்சச்சரவு முற்றியபோது நான் சிறுவன். கம்பம்மெட்டுப் பாதை அடைபட்டது. தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு மலை இறங்கினர். கீழே மலையாளிகளின் கடைகளும் தாக்கப்பட்டன. நாங்கள் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி எங்களுக்குப் பால் வாங்கிவந்து கொடுத்தார். அவர் வீட்டில் பென்னிகுயிக் படம் இருக்காது. அதற்கு அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கு அத்தோடு ஓய்ந்துவிடவில்லை.

இனிச் சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ஆங்கில நாடு தன் வீரனைப் போர்க்களத்தில் மட்டுமே பார்த்தது. செத்தால் தூண், பிழைத்தால் மதுக்கடை வாசல். கம்பத்து உழவர் ஒரு வீரனை வேறு விதமாகப் பார்த்தார்கள். அவன் எந்நாட்டான், எந்த அரசுக்கு ஊழியம் செய்தான் என்று பாராமல், அவன் கையால் தங்கள் வயலுக்கு என்ன வந்தது என்று பார்த்தார்கள். அந்தப் பார்வையால்தான் படம் சுவரில் நிற்கிறது. இது பெருமைக்குரியது.

ஆனால் அப்பெருமையில் நம்முடைய குறையும் ஒன்று கலந்திருக்கிறது. கர்னலின் படத்தை மாட்டிய நாம், கல் சுமந்த பயனியர் ஒருவனின் பெயரையாவது அறிவோமா? அவனும் படைவீரன் அன்றோ? அவன் வழியில் வந்தவர்கள் இன்று நம் தெருவில் காவல்காரர் உடையில் நிற்கும்போது, காண்டீன் சரக்கைத் தவிர வேறெதையும் நாம் கேட்பதில்லை. சிப்பாயை வாசலில் தடுத்த ஆங்கிலேயனை இகழும் உரிமை நமக்கு எந்த அளவுக்கு உண்டு என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோது இவற்றையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பதினேழு ஆண்டுகளில் பெரும்பகுதி தாம் செய்ததும் பனியில் சாலை வெட்டும் வேலைதான் என்று பிறகு சொன்னார். வடக்கே எந்த மலையில் அச்சாலை இருக்கிறது, யார் அதில் போகிறார்கள் என்று அன்றுதான் முதன்முறையாக அவரிடம் கேட்டேன். கற்பூரம் அணைந்து நெடுநேரமான பின்னும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.