நகரத்தின் நாடி அறிந்த சேர் பற்றிக் கெடிஸ்

நோயாளியின் நாடி பிடித்துப் பாராமல் மருந்து கொடுப்பவன் வைத்தியன் ஆகான். அதுபோல, ஊரை அறியாமல் அதனைத் திருத்தப் புகுபவன் நகர நிர்மாணி ஆகான். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் நிலைநாட்டிய பெரியார் சேர் பற்றிக் கெடிஸ். பழையனவற்றை இடித்தல் ஒன்றே முன்னேற்றம் எனப் பலர் கருதும் இந்நாளில், அவர்தம் சரிதையை நாம் நினைவுகூர்தல் சாலப் பொருத்தமாகும்.

1854ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திலே போர்வீரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் கெடிஸ். இலண்டனில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிரியல் பயின்றார். 1879இல் மெக்சிக்கோவில் ஆராய்ச்சி செய்தபோது கண்ணொளி குன்றி, இருளறையிற் பல நாள் இருக்க நேர்ந்தது. பார்வை மீண்டபோதும் நுணுக்குக்காட்டியை நெடிது நோக்குதல் அரிதாயிற்று. உயிரினத்தை அதன் சூழலோடு வைத்து நோக்கிய அவருள்ளம், மனிதனையும் அவன் வாழும் ஊரையும் ஒருங்கே ஆராயத் தலைப்பட்டது.

எடின்பரோவின் பழைய நகர் அக்காலத்திற் செல்வரால் கைவிடப்பட்டு, ஏழை மக்கள் நெருங்கி வாழும் இடமாயிருந்தது. 1886இல் அன்னா மோர்ட்டன் அம்மையாரை மணந்த கெடிஸ், அடுத்த ஆண்டிலே அங்கேயே குடிபுகுந்தார். தம்பதியர் அயலவரோடு கூடிச் சுவர்களுக்கு வெள்ளையடித்தனர்; வெற்றிடங்களிற் செடி நட்டனர். காற்றும் ஒளியும் புகுதற்கு வேண்டிய அளவே இடித்து, எஞ்சியவற்றைப் பழுது பார்த்தனர். நோயுற்ற பகுதியை மட்டும் அகற்றி உடலைக் காக்கும் இரணவைத்தியம் போன்ற இம்முறையே அவருடைய நகரமைப்பு நெறியாயிற்று.

1914இல் அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அவர் மனந் தளரவில்லை. நண்பர் துணையாற் புதியன திரட்டி, 1915இற் சென்னையிலே கண்காட்சியை நடத்தினார். பின்னர்ச் சென்னை மாகாணத்து நகரங்களைக் காலால் நடந்து ஆராய்ந்தார். கோயிலை நடுவாகக் கொண்டு வீதிகள் சூழ்ந்த எமது நகரங்கள் சிறந்த அமைப்புடையன என்பதைக் கண்டு வியந்தார். நேர்வீதி அமைப்பதற்காக வீடுகளைத் தகர்க்கும் திட்டங்களை மறுத்தார். நுளம்புக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்த்தலாகாது, மீனும் வாத்தும் வளர்த்தலே தக்க பரிகாரம் என்று எடுத்துரைத்தார்.

1917ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயர் தந்தது. மூத்த மைந்தன் பிரான்சுப் போர்க்களத்தில் மடிந்தான். சில வாரங்களில் மனைவியார் இந்தியாவிற் காலமானார். எனினும், கொள்ளைநோயால் வருந்திய இந்தூர் நகரில் அவ்வாண்டுத் தீபாவளியையே அவர் மருந்தாக்கினார். வீடுகள் மிகத் தூய்மையாயுள்ள வீதிகள் வழியே ஊர்வலம் செல்லும் என அறிவிக்கச் செய்தார். மக்கள் போட்டியிட்டுக் குப்பை அகற்றினர். நகர் துப்புரவாக்கும் தொழிலாளரும் தூய ஆடை அணிந்து ஊர்வலத்திற் பெருமையுடன் நடந்தனர். மரபு முன்னேற்றத்துக்குப் பகையன்று, அதன் ஊர்தி என்பது அன்று விளங்கிற்று.

1919இற் பம்பாய்ச் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். 1921இல் எமது கொழும்பு நகருக்கும் திட்ட அறிக்கை அளித்தார். அவருடைய அறிக்கைகளுட் பல ஏட்டளவில் நின்றன. பொறியியலாளரும் அதிகாரிகளும் அவரோடு ஒத்துப்போகாமையும் உண்டு. 1932இற் பிரான்சிலே அவர் காலமானார். ஆயினும் அவர் காத்த எடின்பரோ பழைய நகர், புதிய நகரோடு சேர்த்து 1995இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது.

எமது மாணவருள் நாளை பொறியியலாளராவார், நகரசபையில் அமர்வார் பலர் உளர். தேர்வீதியையோ கேணியையோ பழைய மடத்தையோ அழிக்குமாறு ஓலை வருங்கால், ஒப்பமிடுமுன் அவ்வீதியிலே ஒருமுறை நடந்து பார்ப்பாராக. கெடிஸ் பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.