புள்ளிக் கணக்கு எழுதிய லூயிஸ்

மேல்வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் ரசாயன நோட்டைப் புரட்டினால், எழுத்துகளைச் சுற்றி இரண்டிரண்டாகப் புள்ளிகள் இருப்பதைக் காணலாம். கோலத்துக்கு வைத்த புள்ளிகள் அல்ல. ஒவ்வொரு புள்ளியும் ஓர் எலெக்ட்ரான். இம்முறையை உலகுக்கு அளித்தவர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

1875-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை வக்கீல். இளமைக் கல்வி பெரும்பாலும் வீட்டிலேயே. ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றபோது வயது 23. பிறகு ஜெர்மனியில் மேற்படிப்பு. மணிலாவில் எடை, அளவுகளைக் கண்காணிக்கும் அரசாங்க உத்தியோகம். 1912-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார்.

1902-இல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகையில், அணுவை ஒரு கனசதுரமாக்கி அதன் எட்டு மூலைகளிலும் எலெக்ட்ரான்களை வைத்து வரைந்து பார்த்தார். உடனே அச்சிடவில்லை. 14 ஆண்டுகள் பொறுத்து, 1916-இல்தான் கட்டுரை வெளியிட்டார். இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலெக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்வதே பிணைப்பு என்பது அதன் சாரம்.

நவச்சாரத்தில் உள்ள அம்மோனியம் அயனியைப் பாருங்கள். நைட்ரஜனிடம் 5, நான்கு ஹைட்ரஜன்களிடம் 4, ஆக 9. அயனிக்கு ஒரு நேர்மின்சுமை உண்டு. ஆகவே ஒன்றைக் கழிக்க வேண்டும். மீதி 8, அதாவது நான்கு ஜோடி. நடுவில் நைட்ரஜன், நாற்புறமும் ஹைட்ரஜன், இடையில் இரண்டிரண்டு புள்ளி. எல்லாவற்றையும் சதுர அடைப்புக்குள் போட்டு மேலே கூட்டல் குறி. பிள்ளைகள் தவறுவது இந்தக் குறியில்தான். கூட்டல் குறியைக் கண்டு ஒன்றைக் கூட்டிவிடுகிறார்கள்! எலெக்ட்ரான் எதிர்மின்சுமை கொண்டது. அது கைவிட்டுப் போனால்தான் நேர்மின்சுமை வரும். நைட்ரேட்டில் இதற்கு நேர்மாறு. நைட்ரஜனுக்கு 5, மூன்று ஆக்சிஜன்களுக்கு 18, எதிர்மின்சுமைக்காக ஒன்று வரவு, மொத்தம் 24. ஓர் ஆக்சிஜனுக்கு இரட்டைப் பிணைப்புக் கொடுத்தால்தான் அனைவருக்கும் எட்டு எட்டாகக் கணக்கு நேராகும்.

இவ்வளவு செய்தவருக்குப் புகழ் முழுமையாகச் சேரவில்லை. இர்விங் லாங்மூர் என்பவர் 1919 முதல் இக்கொள்கையை விரித்தெழுதி, ஊர் ஊராகப் பேசினார். நல்ல பேச்சாளர். சிலர் இதை லாங்மூர் கொள்கை என்றே அழைக்கத் தொடங்க, லூயிஸ் மனம் கசந்தார். 1932-இல் வேறோர் ஆராய்ச்சிக்காக லாங்மூர் நோபல் பரிசு பெற்றார். 1934-இல் லூயிஸின் பழைய மாணவர் ஹெரால்ட் யூரேயும் பெற்றார். லூயிஸின் பெயரோ நாற்பது முறைக்கு மேல் பரிந்துரைக்கப்பட்டும் பரிசு கிட்டவில்லை. தேர்வுக் குழுவுக்கு இது பெருமை தரும் செய்தி அல்ல.

1946 மார்ச் 23 அன்று, பெர்க்லிக்கு வந்திருந்த லாங்மூருடன் லூயிஸ் பகல் உணவு அருந்தினார் என்பார்கள். பிற்பகல் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷப்பொருளைக் கொண்டு பரிசோதனையில் இறங்கினார். சிறிது நேரத்தில் மேஜையருகே இறந்து கிடந்தார். வயது 70. விஷமோ என்று பேச்சு எழுந்தது. மாரடைப்பு என்றே முடிவு செய்யப்பட்டது.