செவிகொடுத்த தலைவர்

தில்லியிலோ மும்பையிலோ போபாலிலோ படிக்கும் உங்களுக்கு ஒரே நாளில் மூன்று மொழிகள் காதில் விழுகின்றன. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ, வகுப்பில் ஆங்கிலம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீங்கள் எளிதாக மாறிவிடுகிறீர்கள். ஆனால், 1965ஆம் ஆண்டில் ஆட்சிக்கு எந்த மொழி என்னும் கேள்வி நம் நாட்டை இரு கூறாகப் பிரித்துவிடுமோ என்று பலரும் அஞ்சினர். அப்போது பிரதமராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி.

அவர் 1904 அக்டோபர் 2 அன்று வாரணாசிக்கு அருகிலுள்ள முகல்சராயில் பிறந்தார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய தந்தையை ஒன்றரை வயதிலேயே இழந்தார். தாய் ராம்துலாரி தேவி பிள்ளைகளோடு தம் தந்தையின் வீட்டை அடைந்தார். இளமையிலேயே சாதியைக் காட்டும் பின்பெயரை லால் பகதூர் நீக்கிவிட்டார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தால் ஈர்க்கப்பட்டுப் பள்ளியை விட்டு வெளியேறிய அவர், பின்னர் காசி வித்யாபீடத்தில் பயின்றார். சாஸ்திரி என்பதைக் குடும்பப் பெயர் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அங்கே அவர் பெற்ற பட்டம்.

விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்ற அவர், 1952இல் நடுவண் அரசின் இரயில்வே அமைச்சரானார். 1956 நவம்பரில் அரியலூருக்கு அருகே இரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அதற்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இந்நிகழ்ச்சியை எல்லாப் பாடநூல்களும் கூறும். எனினும், அவருடைய இயல்பை அதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியொன்று காஷ்மீரில் நடந்தது.

ஸ்ரீநகரில் தால் ஏரிக்கரையில் ஹஸ்ரத்பால் பள்ளிவாசல் உள்ளது. நபிகள் நாயகத்தின் திருமுடி எனப் போற்றப்படும் நினைவுப்பொருள் அங்கே காக்கப்படுகிறது. 1963 டிசம்பர் 27 அன்று அது காணாமற்போயிற்று. கொட்டும் பனியிலும் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் திரண்டனர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பொருள் மீட்கப்பட்டுவிட்டதாக அரசு அறிவித்தது. ஆயினும் கொந்தளிப்பு அடங்கவில்லை. மீட்கப்பட்டது உண்மையான திருமுடிதானா என்று மக்கள் ஐயுற்றனர். அதை நன்கறிந்த பெரியோர்கள் நேரில் கண்டு உறுதிசெய்ய வேண்டும் என்று வேண்டினர். அதிகாரிகளோ அதற்கு இசையவில்லை. பெரியோர்கள் பார்த்துவிட்டு இல்லை என்று கூறிவிட்டால் நிலைமை கைமீறிப் போகும் என்பது அவர்களின் அச்சம். அவ்வச்சத்தையும் காரணமற்றது என்று தள்ளிவிட முடியாது.

உடல்நலம் குன்றியிருந்த நேரு, சாஸ்திரியைக் காஷ்மீருக்கு அனுப்பினார். அக்குளிருக்கு ஏற்ற மேலங்கி சாஸ்திரியிடம் இல்லாமையால் நேரு தம்முடையதைக் கொடுத்தனுப்பினார் என்பர். குள்ளமான அவருக்கு அது நீளமாகத்தான் இருந்திருக்கும்! ஸ்ரீநகரில் அவர் போராட்டக் குழுவினரிடமும் பேசினார், அதிகாரிகளிடமும் பேசினார். முடிவில் மக்களின் வேண்டுகோளை ஏற்றார். 1964 பிப்ரவரி 3 அன்று சமயப் பெரியோர்கள் முன்னிலையில் பேழை திறக்கப்பட்டது. முதியவரான மீரக் ஷா அதனை உற்றுநோக்கி, உண்மையான திருமுடியே என்று உறுதிசெய்தார். பள்ளத்தாக்கில் அமைதி திரும்பியது. சாஸ்திரி மக்களை நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்திருந்தால் பெரும்பழி அவர்மேல்தான் விழுந்திருக்கும்.

நேரு மறைந்தபின், 1964 ஜூன் 9 அன்று சாஸ்திரி பிரதமரானார். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராசர் பலரிடமும் கருத்துக் கேட்டு, போட்டியின்றி அவரைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தார்.

எல்லா உடன்பாடுகளும் நன்மையாக முடிந்தன என்று கூற முடியாது. அவ்வாண்டு அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் அவர் ஓர் ஒப்பந்தம் செய்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் குடியுரிமை பெறாதிருந்த இந்திய வம்சாவளித் தமிழரைப் பற்றியது அது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வது என இரு அரசுகளும் இசைந்தன. இரு நாடுகளுக்கிடையே நெடுநாள் நீடித்த பிணக்கு இதனால் தணிந்தது. ஆனால் எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அத்தொழிலாளர்களை எவரும் கேட்கவில்லை. தாம் பிறந்து வளர்ந்த மண்ணை விட்டு, கண்டறியாத தாய்நாட்டிற்குக் கப்பலேறியவர் பலர். நீலகிரியில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். காஷ்மீரில் மக்களுக்குச் செவிகொடுத்த தலைவரின் வாழ்வில் இஃது ஒரு குறையே.

மொழிச் சிக்கல் அடுத்த ஆண்டில் முற்றியது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலம் ஆட்சியில் நீடிக்கலாம், அதன்பின் இந்தி என்பது ஏற்பாடு. அக்கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிந்தது. விடுதலை பெற்றபின்னும் அயல்நாட்டு மொழி எதற்கு என்று வடபுலத்தார் பலர் கேட்டனர். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவரோடு அம்மொழியிலேயே தேர்வெழுதிப் பணிபெற எம் பிள்ளைகளால் இயலுமா என்று தென்புலத்தார் கேட்டனர். இரண்டும் நியாயமான கேள்விகளே.

சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது, 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆங்கிலம் தொடரலாம் என்றது அச்சட்டம். தொடரும் என்று உறுதியாக எழுதுங்கள் எனத் தென்னக உறுப்பினர்கள் வேண்டினர், அது நடக்கவில்லை. ஒரு வினைச்சொல்லின் ஈறு எத்துணைப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது, பாருங்கள்! தமிழ்நாட்டில் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் பல உயிர்கள் போயின. பிப்ரவரி 11 அன்று சி. சுப்பிரமணியம், ஓ.வி. அளகேசன் ஆகிய இரு தமிழக அமைச்சர்களும் நடுவண் அரசிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தனர்.

சாஸ்திரியின் தாய்மொழி இந்தி. அதன் வளர்ச்சியை விரும்பியவர் அவர். அவருடைய கட்சியிலேயே இந்திக்காக உறுதியாக நின்றோர் பலர் இருந்தனர். இருந்தும், அன்றே அவர் வானொலியில் நாட்டு மக்களிடம் பேசினார். மாநிலங்கள் தத்தம் மொழியிலோ ஆங்கிலத்திலோ ஆட்சி நடத்தலாம். இந்தி பேசாத மாநிலங்கள் நடுவண் அரசோடு ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம். அனைத்திந்தியப் பணித் தேர்வுகள் ஆங்கிலத்திலும் தொடரும் என்று உறுதியளித்தார். இந்தியும் கைவிடப்படவில்லை, ஆங்கிலமும் அகற்றப்படவில்லை. விலகுவதாகக் கூறிய அமைச்சர்கள் இருவரும் பதவியில் தொடர்ந்தனர். அவ்வுறுதிமொழி சட்டத்தில் ஏறியது 1967இல்தான். அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

அதே 1965இல் பாகிஸ்தானோடு போர் மூண்டது. செப்டம்பரில் போர் நின்றதும், சோவியத் பிரதமர் கோசிகின் இரு தரப்பையும் தாஷ்கண்ட் நகருக்கு அழைத்தார். சாஸ்திரியும் பாகிஸ்தான் குடியரசுத் தலைவர் அயூப் கானும் பல நாள் பேசினர். இந்திய வீரர்கள் குருதி சிந்திப் பிடித்த ஹாஜி பீர் கணவாயைத் திருப்பித் தருவது சாஸ்திரிக்கு எளிதாக இருக்கவில்லை. ஊர் திரும்பினால் கடுஞ்சொற்களைக் கேட்க நேரும் என்பதும் அவர் அறிந்ததே. எனினும், 1966 ஜனவரி 10 அன்று இருவரும் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். அன்று நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் சாஸ்திரி மாரடைப்பால் காலமானார்.

மறுநாள் தாஷ்கண்ட் விமான நிலையத்தில் அவருடைய பேழையைத் தோளில் சுமந்தவர்களுள் ஒருவர் அயூப் கான். நான்கு மாதங்களுக்கு முன்னர் இருவரின் படைகளும் போர்க்களத்தில் எதிரெதிரே நின்றிருந்தன. உடன்பாட்டில் குறித்தபடி, பிப்ரவரி 25க்குள் அப்படைகள் தத்தம் பழைய நிலைகளுக்குத் திரும்பின.