சீறா பாடிய செந்தமிழ்ப் புலவர்

காப்பியம், புராணம், சிற்றிலக்கியம் எனத் தமிழ் இலக்கிய வகைகளைப் பயிலும் மாணவர்கள் சீறாப்புராணத்தின் பெயரைக் கேளாதிரார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாழ்வைத் தமிழில் பாடிய அந்நூலின் ஆசிரியர் உமறுப் புலவர், பாடத் தொடங்குமுன் ஓர் அறிஞரின் வாயிலிலிருந்து திருப்பியனுப்பப்பட்டவர் என்பதைப் பலர் அறியார்.

17ஆம் நூற்றாண்டில் நறுமணப் பொருள் வணிகர் குடும்பத்தில் தோன்றிய உமறு, எட்டயபுரம் அவைப் புலவராகிய கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றார். இஸ்லாமிய இளைஞருக்கு இந்துப் பெரியார் ஒருவர் கலைகள் அனைத்தையும் மனமுவந்து கற்பித்தார். பின்னர் உமறுவும் அந்த அவையிலேயே புலவராய் வீற்றிருந்தார்.

கீழக்கரை வள்ளல் சீதக்காதி, பெருமானாரின் வரலாற்றைத் தமிழில் பாடும்படி அவரை வேண்டினார். வரலாற்றுச் செய்திகளோ அரபு நூல்களில் இருந்தன. அவற்றைக் கேட்டறிய, மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பா அவர்களை நாடிச் சென்றார் புலவர். அரசவைக் கோலத்தில் வந்து நின்றவரைக் கண்ட பெரியார், செய்தி தர மறுத்துவிட்டார். நெஞ்சுடைந்த புலவர், இறைவனை இறைஞ்சி முதுமொழி மாலை பாடினார் என்றும், அதன் பின்னரே பெரியாரின் உள்ளம் கனிந்தது என்றும் வரலாறு வழங்குகிறது. பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த அறிஞரிடம் செய்திகளைப் பெற்றுக்கொள்ளுமாறு பெரியார் வழிகாட்டினாராம்.

இங்கே மாணவர்கள் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. நிகழ்ச்சிகளுக்கு அரபு மூலங்களைக் கற்றோரை நாடிய புலவர், அவற்றைச் சொல்லும் முறைக்குக் கம்பர் முதலானோர் வகுத்த தமிழ் நெறியையே மேற்கொண்டார். நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடுங்கால், மலைமேல் மழை பொழிகிறது. வெள்ளம் பெருகி வயலில் பாய்கிறது. உழவர் நாற்று நடுகின்றனர். வெள்ளியங்கிரியில் பிறந்து பேரூர் வழியே ஓடும் நொய்யலின் கரையில் வாழும் நமக்கு, அது நம் மண்ணாகவே தோன்றும். பாலைநிலத்தை அறியாமல் அவர் இவ்வாறு பாடவில்லை. நாட்டு வளமும் நகர் வளமும் கூறித் தொடங்குதல் தமிழ்க் காப்பிய மரபு. கேட்போர் நெஞ்சுக்கு நெருங்கிய நிலத்தைக் காட்டி, அதன் வழியே அண்ணலாரின் வாழ்வுக்கு அவர்களை அழைத்துச் சென்றார்.

சீறா என்பது வாழ்க்கை வரலாறு எனப் பொருள்படும் சீறத் என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. பிறப்பைக் கூறும் விலாதத்துக் காண்டம், நபித்துவம் பெற்றதைக் கூறும் நுபுவ்வத்துக் காண்டம், மதீனா சென்றதைக் கூறும் ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்களில், 92 படலங்களும் 5027 பாடல்களும் உள்ளன.

நூல் நிறைவுறுமுன் சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவு நல்கினார். சடையப்ப வள்ளலைக் கம்பர் போற்றியதுபோல், அவரை உமறு நூலினிடையே பலமுறை நன்றியுடன் போற்றுகிறார். எனினும் பெருமானாரின் இறுதிக்காலம் வரை நூல் செல்லவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் பின்னர்ச் சின்னச் சீறாவாகப் பாடினார். ஏடுகளில் வாழ்ந்த சீறாப்புராணத்தைப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் 1842இல் அச்சேற்றினார்.

எட்டயபுரத்தில் உமறுப் புலவர் அடங்கியுள்ளார். ஆசானின் தமிழும், ஆலிம்களின் அறிவும், வள்ளல்களின் பொருளும் ஒருங்கு கூடியே இக்காப்பியம் உருவாயிற்று. மறுக்கப்பட்ட அன்று புலவர் சினந்து திரும்பியிருந்தால் இப்பெருநூல் நமக்குக் கிட்டியிராது. கல்வி வேண்டி நிற்போர்க்குப் பணிவும் பொறுமையும் அணிகலன் என்பதை அன்னாரின் வாழ்வு உணர்த்துகிறது.