இருதயத்துக்கு வழி கண்டவர்

நம் மன்றத்தில் மருத்துவம் பயில்வோர் சிலரே. ஆயினும் இருதயம் எல்லோருக்கும் உண்டு என்ற துணிவில் இதனை எழுதுகின்றேன்.

சென்ற பருவத்தில் எனக்கு இருதயப் பிரிவில் பயிற்சி. இடது கீழறையைப் படம் பிடிக்க எந்தக் கதீட்டர் வேண்டும் என்று பேராசிரியர் கேட்டார். மேசைமேல் சுருண்ட முனையுடன் ஒன்று இருந்தது. அதை விட்டு, எளிதில் நுழையுமே என்று நேரான மெல்லிய குழாயொன்றை எடுத்து நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு, வெர்னர் ஃபோர்ஸ்மானின் வரலாற்றைப் படித்து வரச் சொன்னார். அன்றிரவே படித்தேன்.

ஃபோர்ஸ்மான் 1904-இல் பெர்லினில் பிறந்தவர். 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் இளம் டாக்டர். நெஞ்சைத் துளைத்து இருதயத்துக்குள் ஊசி மருந்து செலுத்துவது அவருக்கு அபாயமாகப் பட்டது. குதிரையின் கழுத்து நாளம் வழியே இருதயத்தை எட்டிய பிரெஞ்சு அறிஞர்களின் சோதனையை அவர் அறிந்திருந்தார். மனிதனுக்கும் அவ்வழி ஆகாதா என்று எண்ணினார். தலைமை டாக்டர் அனுமதி மறுத்தார்.

இருதயத்துக்கென்று தனிக் குழாய் அன்று ஏது? சிறுநீர்க் குழலுக்கு உரிய கதீட்டரையே அவர் தேர்ந்தெடுத்தார். அது மெல்லியது, வழவழப்பானது, வளைந்து கொடுப்பது, எக்ஸ்ரேயில் தெரிவது. நர்ஸ் கெர்டா டிட்ஸன் தம்மீதே சோதிக்க இசைந்தார். அவரை மேசையில் கட்டிவிட்டு, அவர் அறியாமல் தம் இடது முழங்கை மடிப்பைக் கீறி, நாளத்துக்குள் குழாயைச் செலுத்தினார் ஃபோர்ஸ்மான்! பின்பு கட்டை அவிழ்த்து, அவரையும் அழைத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். குழாய் 65 சென்டிமீட்டர் சென்று வலது மேலறையில் நின்றதைப் படம் காட்டிற்று.

அறையை எட்டியாயிற்று, அதன் வடிவத்தைக் காண்பது எப்படி? எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் குழாய்வழி செலுத்தினார். நாய்களில் வலது அறைகள் தெரிந்தன. 1931-இல் அதனை வெளியிட்டார். தம் உடலிலும் முயன்றார். தெளிவான படம் கிட்டவில்லை.

இங்கேதான் என் பிழை எனக்கு விளங்கிற்று. ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. மெல்லச் செலுத்திய மருந்து நிழல் விழுமுன் அடித்துச் செல்லப்படும். இடது கீழறைக்கு வினாடிக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் வேகம் வேண்டும். குழாயின் உள்விட்டம் இருமடங்கானால் சீரான ஓட்டம் 16 மடங்காகும். ஆதலால் மிக மெல்லியது உதவாது. முனையில் மட்டும் துளையுள்ள நேர்க்குழாயோ, அந்த வேகத்தில் பின்னோக்கி உதைக்கும். துடிப்பைத் தடுமாறச் செய்யும். மருந்தைத் தசைக்குள்ளேயே பாய்ச்சிவிடவும் கூடும். பிக்டெயில் என்னும் சுருள்முனைக் குழாய் சுவரைக் குத்தாது. பக்கத் துளைகள் மருந்தை அறை முழுதும் பரப்பும். நான் நீட்டிய குழாய் ஒரு நோயாளிக்குத் தீங்காய் முடிந்திருக்கலாம்.

ஃபோர்ஸ்மானுக்குப் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் இடம் நிலைக்கவில்லை. இருதயத்தை விட்டுச் சிறுநீரகத் துறைக்கே போனார். அவர் கடன் வாங்கிய குழாய்க்கு உரிய துறை அதுவன்றோ! 1932-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அந்தக் கறையை மறைத்து அவரைப் போற்ற எனக்கு மனமில்லை. போரில் இராணுவ டாக்டராயிருந்து சிறைப்பட்டார். இதற்கிடையே, 1940களில், நியூயார்க்கில் குர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் அவர் வழியைப் பொறுமையுடன் செப்பனிட்டனர். 1956-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிட்டிற்று. 1979-இல் ஃபோர்ஸ்மான் மறைந்தார்.

தன்னுடலைப் பணயம் வைக்கும் துணிவு ஒருவருக்கு அமையலாம். பிறர் உடலைத் தொடும் நமக்கோ, துணிவுக்கு முன்னே தெளிவு வேண்டும். மறுநாள் பேராசிரியர் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை என் கை சுருள்முனைக் குழாயிடம் சென்றது.