சூறாவளிக்குப் பெயரிட்ட சான்றோர்

ஆனி ஆடித் திங்கள்களில் கோவைக்கு மேற்கே நின்று நோக்குவோர்க்கு ஓர் அழகிய காட்சி புலப்படும். வடக்கே நீலமலையும் தெற்கே ஆனைமலையும் மதிலென ஓங்கி நிற்கும். அவற்றினிடையே அமைந்த பாலக்காட்டுக் கணவாயின் வழியே மேல்காற்று ஓயாது வீசும். தென்னங்கீற்றுகள் யாவும் கிழக்கு நோக்கி வளையும். பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகள் சுழன்று மின்னாற்றலை ஆக்கும். இவ்வாறு கொங்கு நாட்டார் காற்றைத் துணையாகவே அறிந்தவர்கள். ஆயினும், கடலில் தோன்றும் சுழற்காற்று துணையன்று, கொடும்பகை. அது கரையோடு நில்லாமல் மலைக்கும் ஏறி வரும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், உள்நாட்டைக் கடந்து கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது. இத்தகைய புயலின் இயல்பை ஆராய்ந்து, அதற்குச் ‘சைக்ளோன்’ என்னும் பெயரைச் சூட்டிய சான்றோர் ஹென்றி பிடிங்டன் ஆவார்.

பிடிங்டன் 1797-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். வணிகக் கப்பல்களில் தொழில் புரிந்து, கப்பல் தலைவராக உயர்ந்தார். இந்தியக் கடலிலும் சீனக் கடலிலும் பலகாலம் உலவியபின் கல்கத்தாவில் குடியேறினார். அங்கே நிலப்பொருள் காட்சிச்சாலையின் காப்பாளராகப் பணியாற்றினார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. கரையேறினும் அவர் உள்ளம் கடலை விட்டு அகலவில்லை.

புயற்காற்று நேராக வீசுவதன்று, வட்டமாகச் சுழல்வது என்னும் உண்மையை அமெரிக்கராகிய ரெட்பீல்டும், ஆங்கிலப் படையின் பொறியாளராகிய ரீடும் முன்னரே எடுத்துக்காட்டியிருந்தனர். அவ்வுண்மையை வங்கக் கடலில் ஆராயப் பிடிங்டன் முற்பட்டார். புயலிற் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டினார். எந்த நாழிகையில், எவ்விடத்தில், எத்திசையிலிருந்து காற்று வீசியது என்பதை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கினார். 1839-ஆம் ஆண்டு முதலாகத் தம் முடிவுகளை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் தொடர்ந்து வெளியிட்டார்.

அவர் ஆராய்ந்த நிகழ்ச்சிகளுள் ஒன்று வியப்புக்குரியது. 1845-ஆம் ஆண்டில் மொரீசியசுத் தீவை அடுத்த கடலில், ‘சார்லசு ஹெடில்’ என்னும் பாய்க்கப்பல் புயலில் அகப்பட்டது. மாலுமிகள் அந்நாளைய வழக்கப்படி காற்றின் போக்கிலேயே கப்பலைச் செலுத்தினர். நேரே செல்வதாக அவர்கள் எண்ணினர். கப்பலோ, செக்கிற் பூட்டிய எருதைப்போல, ஏறத்தாழ ஐந்து நாள் புயலின் நடுவிடத்தையே சுற்றிச்சுற்றி வந்தது! காற்றுக்கு வளைந்து ஓடுவதே காப்பு என்ற பழைய நம்பிக்கை பிழையென்பதை இஃது ஐயமற உணர்த்திற்று.

1848-ஆம் ஆண்டில் பிடிங்டன் மாலுமிகளுக்கென ஒரு நூலை இயற்றினார். வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு, சுழலும் புயலுக்குச் ‘சைக்ளோன்’ என்று அந்நூலில் பெயரிட்டார். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகவும், தெற்கே வலஞ்சுழியாகவும் சுழலும். ஆகவே, வங்கக் கடலில் காற்று வரும் திசையை நோக்கி நிற்பவனுக்குப் புயலின் நடுவிடம் வலப்புறத்தே இருக்கும். இதனை எளிதில் அறிவதற்காக, ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளில் காற்றின் திசைகளைப் பொறித்து நூலுடன் வழங்கினார். கடற்படத்தின்மீது தகட்டை வைத்தால், புயல் எங்குள்ளது, எப்பக்கம் விலகலாம் என்பது புலனாகும். கற்றோர்க்கன்றிக் கப்பலோட்டும் எளியவர்க்கும் தம் அறிவு பயன்படவேண்டும் என்பதே அவர் கருத்து.

காற்றினும் கொடியது அதனோடு எழும் கடற்பெருக்கு என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1789-ஆம் ஆண்டு டிசம்பரில், கோதாவரியின் முகத்துவாரத்தை அடுத்த கோரிங்கா நகரை மூன்று பேரலைகள் மூழ்கடித்துப் பல்லாயிரவரை மாய்த்த வரலாற்றை அவர் எழுதியுள்ளார். எனவே, கல்கத்தாவிற்குத் தென்கிழக்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசினர் எண்ணியபோது, அவர் வாளாவிருக்கவில்லை. புயற்காலத்தில் கடல்நீர் பொங்கி அவ்விடத்தை அழித்துவிடும் என்று 1853-ஆம் ஆண்டில் ஆளுநர் தலைவர் டல்ஹௌசிக்கு எழுதி எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை ஏற்கப்படவில்லை. 1858-ஆம் ஆண்டில் பிடிங்டன் கல்கத்தாவிலேயே மறைந்தார். கானிங் துறைமுகம் கட்டி முடிக்கப்பட்டது. 1867-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், புயலும் கடற்பெருக்கும் சேர்ந்து அதனைச் சிதைத்தன. சில ஆண்டுகளில் அத்துறைமுகம் கைவிடப்பட்டது.

1864-ஆம் ஆண்டில் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின்னர், புயல் வருகையை முன்னறிவிக்கும் ஏற்பாடு அந்நகரில் தொடங்கப்பெற்றது. 1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறை தோன்றியது. இன்று செயற்கைக்கோள்கள் புயலின் சுழற்சியை வானிலிருந்தே படம்பிடித்துக் காட்டுகின்றன.

பிடிங்டன் புயலைத் தடுக்கவில்லை. எவராலும் அதனைத் தடுத்தல் இயலாது. அதன் போக்கை அறிந்தார், அறிந்ததை அஞ்சாது உரைத்தார், கேளாதார்முன்னும் உரைத்தார். எச்சரிப்பது அறிஞர் கடன். அதற்குச் செவிசாய்ப்பது நம் கடன். நாகையிலும் கடலூரிலும் புயற்கூண்டு ஏற்றப்படும் செய்தியைக் கேட்கும்போது, மாத்லா ஆற்றங்கரையை நாம் நினைவிற் கொள்வோமாக.