பெயர் கேட்டு வரைந்தவர்

வங்கத்து நைஹாட்டியில் 1915இல் பிறந்த ஓவியர் சித்தப்பிரசாத், சாதியை மறுத்துப் பட்டாச்சார்யா என்ற பின்பெயரைத் துறந்தவர். 1943 பஞ்சத்தில் மிதுனாப்பூர் ஊர்களில் நடந்து, எலும்பும் தோலுமாய் இருந்தவர்களை வரைந்தார். பலரிடம் பெயரும் ஊரும் கேட்டுப் படத்தோடு எழுதினார். வெறும் சாவுக்கணக்கில் மறையவிருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய இரக்கம் வேறென்ன?

'பசித்த வங்கம்' என்ற அந்த நூலை ஆங்கிலேய அரசு பறித்து அழித்தது.

பின்னர் பம்பாய் அந்தேரியில், வறுமையில், லினோலியத்தில் செதுக்கி அச்செடுத்தார். ஒரே செதுக்கலில் பல படிகள் கிடைக்கும்; ஏழை வீட்டுச் சுவரிலும் படம் தொங்கும். பிள்ளையை மார்போடு அணைத்த தாய், கூலி வேலை செய்யும் சிறுவர்கள்: இவர்களே அவர் அச்சுகளில் வருகிறார்கள். 1978இல் இறந்தார்.

குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் காத்த ஒரு பிரதியிலிருந்து, 2011இல் அந்நூல் மீண்டும் அச்சானது.